பனிப்பகுதி வண்டிகளில் கேபினைச் சூடாக வைத்தல்

கேபின் சூடேற்றல் என்பது, உறைநிலைக்குக் கீழே குளிரும் இடங்களில் ஓடும் ஜீப், லாரி, இராணுவ வண்டி போன்றவற்றில் ஆட்கள் உட்காரும் பகுதியை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் முறைகளைக் குறிக்கும். இந்தியாவில் இது முக்கியமாக லடாக், காஷ்மீர், இமாச்சலப் பிரதேசத்தின் லாகௌல்-ஸ்பிதி, சிக்கிமின் வடபகுதி ஆகிய இடங்களில் தேவைப்படுகிறது. வண்டிக்கு வெப்பம் தருவது எரிபொருளை எரிக்கும் நெருப்புதான். அந்த நெருப்பின் வெப்பம் மட்டும் கேபினுக்குள் வர வேண்டும். அதன் புகை ஒருபோதும் வரக்கூடாது. ஹீட்டர் அமைப்புகள் எல்லாம் இந்த ஒரு தேவையைச் சுற்றியே உருவானவை. இது தவறிய இடங்களில் உயிர்கள் போயிருக்கின்றன.

திருவிடந்தையும் லடாக்கும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகும் வழியில், கோவளத்தை அடுத்து இருக்கும் கடலோர ஊர் திருவிடந்தை. 108 திவ்விய தேசங்களில் ஒன்றான நித்திய கல்யாணப் பெருமாள் கோயிலால் பெயர் பெற்றது. இங்கே மார்கழி விடியலிலும் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். காரில் ஹீட்டர் என்று ஒரு திருகு இருப்பதையே இப்பகுதியில் பலர் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஆனால் 2018 ஏப்ரல் 11 முதல் 14 வரை இதே ஊரின் கடற்கரை வெளியில்தான் இந்திய அரசின் பாதுகாப்புத் தளவாடக் கண்காட்சியான டெஃப்எக்ஸ்போ நடந்தது. டாங்குகளும் இராணுவ வண்டிகளும் கோடை வெயிலில் வரிசையாக நின்றன. இராணுவத்துக்கென்று செய்யப்படும் வண்டி ராஜஸ்தான் மணலிலும் ஓட வேண்டும், லடாக் பனியிலும் ஓட வேண்டும்.

இந்த வட்டாரத்துக்கு வேறு தொடர்புகளும் உண்டு. மகிந்திரா நிறுவனத்தின் வாகன ஆராய்ச்சி மையமான மகிந்திரா ரிசர்ச் வேலி, செங்கல்பட்டுக்கு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2012 முதல் இயங்குகிறது. ஆவடியில் 1961-இல் தொடங்கப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையில் டி-72, டி-90 டாங்குகள் உருவாகியிருக்கின்றன. இவ்வகை டாங்குகள் 2020-இல் கிழக்கு லடாக்கில் நிறுத்தப்பட்டுக் குளிர்காலம் முழுவதும் அங்கேயே இருந்தன. வெயில் ஊரில் பிறக்கும் வண்டிகள் பனியில் வேலை செய்வது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல.

வெப்பம் எங்கே போகிறது

லேயில் சனவரி இரவு ஒன்றில் வெளியே மைனஸ் 20 டிகிரி என்று கொள்வோம். கேபினுக்குள் 15 டிகிரி வேண்டும். உள்ளுக்கும் வெளிக்கும் இடையே 35 டிகிரி வேறுபாடு.

ஒரு ஜீப்பின் கூரை, கதவு, கண்ணாடி, தரை எல்லாம் சேர்த்து வெளிப்பரப்பு சுமார் 15 சதுர மீட்டர் இருக்கும். மெல்லிய தகடும் ஒற்றைக் கண்ணாடியும் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, ஏறத்தாழ 5 வாட் வெப்பத்தைக் கடத்திவிடும். 15, 5, 35 மூன்றையும் பெருக்கினால் 2,625 வாட். கதவிடுக்கு வழியாகப் புகும் குளிர்ந்த காற்றைச் சூடாக்கச் சில நூறு வாட் கூடுதலாக வேண்டும். ஆக மொத்தம் 3 கிலோவாட்டுக்கு மேல். துணி தேய்க்கும் மின் இஸ்திரிப்பெட்டி மூன்றை ஒரே நேரத்தில் எரிப்பதற்குச் சமம். உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடல் தரும் வெப்பம் சுமார் 100 வாட்தான். நான்கு பேர் நெருக்கி உட்கார்ந்தாலும் போதாது.

இந்தக் கணக்கு தோராயமானது. காற்று பலமாக வீசினால் இழப்பு கூடும். துணிக்கூரை போட்ட ஜீப்பாக இருந்தால் இடுக்குகள் வழியாக நுழையும் காற்றே பெரிய இழப்பாகிவிடும். அதனால்தான் மலைப்பகுதி ஓட்டுநர்கள் ஹீட்டரைப் பற்றிக் கவலைப்படும் முன்னே கதவு ரப்பரைப் பார்க்கிறார்கள். கிளட்ச், பிரேக் மிதிகளின் தண்டுகள் தரையைத் துளைத்து வரும் இடத்தில் உறை கிழிந்திருந்தால் ஓட்டுபவரின் கால்தான் முதலில் மரத்துப்போகும். தரைக்குக் கம்பளி விரிப்பு, கூரைக்கு உள்ளுறை, பின்பகுதியைப் பிரிக்கத் தடித்த திரை என்று சூடாக்க வேண்டிய இடத்தைச் சிறிதாக்குவது செலவு குறைந்த வழி. காஷ்மீரில் நம்தா எனப்படும் கம்பளி விரிப்பு வீட்டுத் தரைக்கானது. வண்டித் தரைக்கும் அது பொருந்தும்.

இயந்திரத்தின் கழிவு வெப்பம்

எரிபொருளில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே சூடான புகையாக வெளியேறுகிறது. மீதி இயந்திரத்தைச் சுற்றி ஓடும் கூலண்ட் நீருக்குப் போய், ரேடியேட்டர் வழியாகக் காற்றில் கலக்கிறது. வண்டி ஹீட்டர் பயன்படுத்துவது இந்தக் கடைசிப் பங்கைத்தான்.

டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. இயந்திரத்திலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள் அதற்கு வருகின்றன. ஒன்றில் சூடான கூலண்ட் உள்ளே வரும், மற்றொன்றில் திரும்பிப் போகும். புளோயர் எனும் மின்விசிறி இதன் வழியாகக் காற்றைத் தள்ள, சூடேறிய காற்று காலடிக்கும் முன்கண்ணாடிக்கும் பிரிந்து போகிறது. கூலண்ட் குழாய்க்குள்ளும் காற்று வெளியிலும் இருப்பதால் வெப்பம் மட்டும் கைமாறுகிறது. இயந்திரப் புகைக்கு இதில் இடமே இல்லை. ஏதோ ஒரு காரணத்தால் வீணாகப் போவதை வேறொரு தேவைக்குத் திருப்பும் இம்முறை, சோற்றை வடித்த கஞ்சியைத் துணிக்குப் போடுவது போல, மிகச் சிக்கனமானது.

இந்த அமைப்பு சரியாக வேலை செய்ய தெர்மோஸ்டாட் வால்வு அவசியம். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது இவ்வால்வு மூடியிருந்து, கூலண்ட் பெரிய ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும். 80 முதல் 90 டிகிரி அளவில் உள்ளிருக்கும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும். வால்வு இல்லாவிட்டால் குளிர்ந்த காற்று பட்டு கூலண்ட் ஒருபோதும் போதிய அளவு சூடேறாது.

தமிழ்நாட்டுப் பணிமனைகளில் ஒரு பழக்கம் உண்டு. பழைய வண்டி அடிக்கடி சூடானால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிட்டு ஓட்டச் சொல்வார்கள். வெயில் ஊரில் பெரிய தீங்கு உடனே தெரியாது. அதே வண்டியை ஓட்டிக்கொண்டு மணாலிக்கு மேலே ஏறினால் ஹீட்டரில் குளிர்ந்த காற்றுதான் வரும். எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். லாரி ஓட்டுநர்கள் ரேடியேட்டருக்கு முன்னால் அட்டையோ சாக்கோ கட்டிப் பாதியை மறைப்பது இக்குறைக்கு ஒரு கைமருந்து. மலை இறங்கிச் சமவெளிக்கு வந்ததும் அட்டையை எடுக்க மறந்தால் இயந்திரம் கொதித்துவிடும்.

கூலண்டும் வெறும் தண்ணீரும்

இன்னொரு வெயில் ஊர்ப் பழக்கம் ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றுவது. தண்ணீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 விழுக்காடு கூடுகிறது. இயந்திரத்தின் வார்ப்பிரும்புச் சுவரும் இந்த விரிவைத் தாங்காது. ஒரே இரவில் இயந்திரம் வெடித்துவிடும்.

இதற்காகத் தண்ணீருடன் எத்திலீன் கிளைக்கால் கலக்கிறார்கள். சரிபாதி கலந்தால் கலவை சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே உள்ளது. பாதி கலந்தால் இவ்வளவு நன்மை என்றால் முழுவதும் கிளைக்கால் ஊற்றினால் இன்னும் நல்லது என்று தோன்றும். உண்மையில் தூய எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். உறையும் தண்ணீரின் மூலக்கூறுகள் படிகமாக அடுக்கிக்கொள்வதைக் கிளைக்கால் கெடுக்கிறது. கிளைக்கால் படிகமாவதைத் தண்ணீர் கெடுக்கிறது. இரண்டும் கலந்திருந்தால்தான் இரண்டுக்கும் தடை. ஓர் அளவுக்கு மேல் கிளைக்கால் கூடக் கூட உறைநிலை மறுபடி மேலேறத் தொடங்கும்.

எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும் நஞ்சு. சிந்தியதை நாய்களும் குழந்தைகளும் நக்கிவிடும் ஆபத்து உண்டு.

கூலண்ட் பரவலாகக் கிடைக்காத காலத்தில் ஓட்டுநர்கள் இரவில் ரேடியேட்டர் நீரை முழுவதும் வடித்துவிட்டு, விடியற்காலையில் அடுப்பில் காய்ச்சிய வெந்நீரை ஊற்றிக் கிளப்புவார்கள். இரவில் வடிக்க மறந்த ஓட்டுநருக்கு மறுநாள் இயந்திரமே இல்லை.

நின்றிருக்கும் வண்டி

ஓடும் வண்டியில் வெப்பத்துக்குப் பஞ்சமில்லை. மணிக்கு 5 லிட்டர் டீசல் குடித்து ஓடும் வண்டியில் அந்த எரிபொருளின் ஆற்றல் சுமார் 50 கிலோவாட். அதில் மூன்றில் ஒரு பங்கு கூலண்டுக்குப் போனாலும் 16 கிலோவாட் கிடைக்கும். மேலே பார்த்த 3 கிலோவாட் தேவைக்கு இது பல மடங்கு.

நிறுத்திய வண்டியில் இயந்திரத்தைச் சும்மா ஓடவிட்டால் கதை மாறும். மணிக்கு 0.7 லிட்டர் அளவில்தான் டீசல் எரியும். மொத்த ஆற்றலே 7 கிலோவாட். கூலண்டுக்கு வருவது 2 கிலோவாட் சொச்சம். அதிலும் ஒரு பகுதியை வெளிக்குளிர் இயந்திரத்தின் உடம்பிலிருந்தே பிடுங்கிக்கொள்ளும். டீசல் இயந்திரம் பெட்ரோல் இயந்திரத்தைவிடச் சிக்கனமானது என்பதால் அது வீணாக்கும் வெப்பமும் குறைவு. நின்றபடி இரவு முழுவதும் இயந்திரத்தை ஓட்டினாலும் கேபின் சில்லிட்டே இருப்பதற்கு இதுதான் காரணம்.

இக்குறையைப் போக்க வந்தது தனி எரிபொருள் ஹீட்டர். வெபாஸ்டோ, எபர்ஸ்பேஷர் ஆகிய ஜெர்மானிய நிறுவனங்கள் இதில் பெயர் பெற்றவை. வண்டித் தொட்டியிலிருந்தே ஒரு சிறு பம்பு டீசலைச் சொட்டுச் சொட்டாக அனுப்பும். மின்னால் பழுக்கக் காயும் ஒரு பிளக் அதைப் பற்றவைக்கும். மூடிய உலோக அறைக்குள் எரியும் தீக்கு வேண்டிய காற்று வண்டிக்கு வெளியிலிருந்து ஒரு குழாயில் வருகிறது; புகை இன்னொரு குழாயில் வெளியே போகிறது. கேபின் காற்று அந்த உலோக அறையின் வெளிப்பக்கத்தை மட்டும் தொட்டுச் சூடேறித் திரும்புகிறது. 2 கிலோவாட் ஹீட்டர் முழு வேகத்தில் ஓடினாலும் மணிக்குக் கால் லிட்டர் அளவே டீசல் ஆகும்.

உயரமான இடங்களில் இதற்கும் ஒரு சிக்கல் உண்டு. சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லேயில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். 5,359 மீட்டர் உயரமுள்ள கர்துங் லா கணவாயில் ஏறக்குறைய பாதி. காற்று குறைந்தும் டீசல் அதே அளவு வந்தால் தீ புகைந்து எரியும். கரி படிந்து ஹீட்டர் அடைத்துக்கொள்ளும். ஆகவே உயரத்துக்கேற்ப டீசல் அளவைக் குறைக்கும் அமைப்பு உள்ள ஹீட்டரையே அங்கே பொருத்த வேண்டும். சமவெளிக்கான மலிவு ஹீட்டரை வாங்கி மாட்டிக்கொண்டு லடாக் போவது பணத்தை வீணாக்கும் வேலை. சில வேளை ஆபத்தும் கூட.

மின்வண்டிகளில் கழிவு வெப்பம் மிகக் குறைவு. மின்கலத்தின் மின்சாரத்தையே ஹீட்டருக்கும் செலவிட வேண்டியிருப்பதால் குளிரில் ஓடும் தூரம் கணிசமாகக் குறைந்துவிடும். ஏசியைத் தலைகீழாக இயக்குவது போன்ற வெப்ப ஏற்றி முறை இதை ஓரளவு ஈடுசெய்கிறது.

காலையில் கிளப்புதல்

இயந்திரம் கிளம்பினால்தான் ஹீட்டர். குளிரில் கிளப்ப விடாமல் தடுப்பவை மூன்று. மைனஸ் 18 டிகிரி அளவில் பேட்டரியின் திறன் ஏறக்குறைய பாதியாகிறது. இயந்திர எண்ணெய் தேனைப் போலக் கெட்டியாகிவிடுகிறது. டீசலில் உள்ள மெழுகுப் பொருள் திரண்டு வடிகட்டியை அடைத்துக்கொள்கிறது.

மூன்றாவதற்கு ஒரு நல்ல தீர்வு 2019 நவம்பரில் வந்தது. இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்குக்கென்று, மைனஸ் 33 டிகிரி வரை பாயும் தன்மை இழக்காத குளிர்கால டீசலைப் பானிப்பட்டு சுத்திகரிப்பு ஆலையிலிருந்து அனுப்பத் தொடங்கியது. அதற்கு முன் டீசலுடன் மண்ணெண்ணெய் கலப்பதும், டீசல் தொட்டிக்கு அடியில் தீ மூட்டுவதும் நடந்தன. தீ மூட்டுவது எவ்வளவு அபாயமானது என்று சொல்லத் தேவையில்லை. வெந்நீரில் நனைத்த துணியை எரிபொருள் குழாய் மேல் சுற்றுவது நிதானமான வழி.

கனடாவில் வாழும் தமிழர்களுக்கு வேறொரு முறை பழக்கமாகியிருக்கும். அங்கே கடுங்குளிர் நிலவும் பகுதிகளில் இயந்திரத்துக்குள்ளேயே ஒரு சிறு மின்சூடேற்றி பொருத்தியிருப்பார்கள். இரவில் அதன் கம்பியைச் சுவர்ச் செருகியில் மாட்டிவிட்டால் காலையில் இயந்திரம் உடனே கிளம்பும், ஹீட்டரும் சீக்கிரம் சூடு தரும். டி-72 டாங்கியில் சுவர்ச் செருகிக்கு வழியில்லை. எனவே இயந்திரத்தைக் கிளப்பும் முன் கூலண்டையும் எண்ணெயையும் சூடாக்க, டீசலை எரிக்கும் சூடேற்றி ஒன்று அதற்குள்ளேயே இருக்கிறது.

அண்டார்க்டிகாவில் இந்தியாவின் மைத்ரி நிலையம் 1989 முதலும் பாரதி நிலையம் 2012 முதலும் இயங்குகின்றன. கப்பலில் வரும் சரக்கைப் பனிவெளி வழியாக மைத்ரிக்கு இழுத்துவரப் பயன்படுவது பிஸ்டன்புல்லி எனும் ஜெர்மானியப் பட்டைச்சக்கர வண்டி. அங்கே வண்டி நின்றுபோனால் நடந்து திரும்ப முடியாது; கேபின்தான் அடைக்கலம்.

கண்ணாடியில் படியும் ஆவி

சூடு போதுமான அளவு வந்தபின்னும் முன்கண்ணாடி உட்புறமாக மங்கி, பிறகு உறைபனியாக இறுகிப்போவதைப் பனிப்பகுதிக்குப் புதிதாகப் போகிறவர்கள் கண்டு திகைப்பார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடப்பதற்கு இது நேர் எதிர். திருவிடந்தைப் பக்கம் மழைக்கால இரவில் ஏசி போட்டு ஓட்டினால் கண்ணாடி வெளிப்புறமாக மங்கும். வைப்பர் போட்டால் தெளியும். கடற்காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிவதுதான் காரணம். லடாக்கில் கண்ணாடியின் குளிர்ந்த பக்கம் வெளியே, ஈரம் உள்ளே. ஈரம் வருவது மனிதர்களின் மூச்சிலிருந்தும், காலணியில் ஒட்டி வந்து உருகும் பனியிலிருந்தும்.

30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. மைனஸ் 20 டிகிரியில் ஏறத்தாழ 1 கிராம். வெளிக்காற்று இவ்வளவு வறண்டது என்பதே இங்கே உதவி. அதை உள்ளே இழுத்துச் சூடாக்கினால் ஈரத்தை உறிஞ்சும் காற்றாகிவிடும். ஆகவே பனிப்பகுதியில் உட்காற்றையே சுழற்றும் பொத்தானை அணைத்து வைக்க வேண்டும். குளிர்காற்றை உள்ளே விடுவதாவது என்று தோன்றும். ஆனால் கண்ணாடி தெளிவது அப்படித்தான். இதமான குளிரில் ஹீட்டருடன் ஏசியையும் சேர்த்துப் போட்டால் ஏசி ஈரத்தை வடித்துவிடும். உறைநிலையை நெருங்கும்போது பெரும்பாலான வண்டிகளில் ஏசி கம்ப்ரசர் தானாகவே நின்றுவிடும் என்பதால் கடுங்குளிரில் இவ்வழி பயன்படாது.

வெளிக்காற்று உள்ளே வருவதால் இன்னொரு நன்மையும் உண்டு. அது அடுத்த பகுதியோடு தொடர்புடையது.

கார்பன் மோனாக்சைடு

எரிபொருள் போதிய ஆக்சிசன் இல்லாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிணைந்துகொள்ளும். பிணைந்த ஹீமோகுளோபின் ஆக்சிசனைச் சுமக்காது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி, தூக்கம், பிறகு மரணம் என்று போகும்.

2022 சனவரி 7, 8 தேதிகளில் பாகிஸ்தானின் முர்ரீ மலைநகரில் பனிப்பொழிவைக் காண வந்த ஆயிரக்கணக்கான வண்டிகள் சாலையிலேயே சிக்கிக்கொண்டன. குழந்தைகள் உட்பட 20 பேருக்கு மேல் தங்கள் வண்டிகளுக்குள்ளேயே இறந்தனர். குளிரோடு கார்பன் மோனாக்சைடும் காரணமாகச் சொல்லப்பட்டது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஹீட்டருக்காக இயந்திரத்தை ஓடவிட்டிருக்கிறார்கள். பொழிந்த பனி சைலன்சர் குழாயை மூடினால், வெளியேற வழியில்லாத புகை வண்டிக்கு அடியில் தேங்கித் தரையின் இடுக்குகள் வழியாகக் கேபினுக்குள் ஏறும். ஹீட்டர் அமைப்பில் எந்தப் பழுதும் இல்லாதபோதும் இது நடக்கும்.

தமிழர்களுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபர் 3-இல் திறக்கப்பட்டபின், முன்பு குளிர்காலத்தில் அடைபட்டுக் கிடந்த லாகௌல் பள்ளத்தாக்குக்குச் சுற்றுலா வண்டிகள் டிசம்பரிலும் போகின்றன. 2024 டிசம்பர் இறுதியில் அச்சுரங்கப்பாதைக்கும் சோலாங்குக்கும் இடையே ஆயிரக்கணக்கான பயணிகள் பனியில் மாட்டி மீட்கப்பட்டனர். கொடைக்கானல், ஊட்டி விடுதி அறைகளில் கரியடுப்பைக் கொளுத்தி வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழாத செய்திகளும் நாளிதழ்களில் வருவதுண்டு. காஷ்மீரத்து மக்கள் மேலங்கிக்குள் வைத்துக்கொள்ளும் காங்ரி எனும் கனல் சட்டியோ, சமையல் எரிவாயு அடுப்போ, கரியடுப்போ மூடிய வண்டிக்குள் வரவே கூடாது. கூலண்ட் ஹீட்டரிலும் டீசல் ஹீட்டரிலும் புகையைப் பிரிக்க ஓர் உலோகச் சுவர் உண்டு. இவற்றில் அது இல்லை.

உயரமான இடத்தில் இன்னொரு வலை இருக்கிறது. தலைவலி, குமட்டல், அசதி ஆகியவை மலையேற்ற நோயின் அறிகுறிகளும்கூட. லேயில் இறங்கிய முதல் நாள் தலை வலித்தால் உயரத்தால்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ஒரே வண்டியில் இருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தால், வண்டியை விட்டு இறங்கி நின்றதும் தணிந்தால், ஐயம் சைலன்சர் மேல் விழ வேண்டும். உயரநோய் கதவைத் திறந்ததும் போகாது. அது ஆளுக்கு ஆள் வெவ்வேறு அளவில் வரும்.

இப்போது பல சுற்றுலாப் பயணிகள் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைக் கொண்டுபோகிறார்கள். இந்தச் சந்தர்ப்பத்தில் அதை நம்பக்கூடாது. கார்பன் மோனாக்சைடு பிணைந்த ஹீமோகுளோபினையும் ஆக்சிசன் பிணைந்ததையும் சாதாரண ஆக்சிமீட்டரால் பிரித்தறிய முடியாது. நஞ்சேறிய ஒருவருக்கும் அது நல்ல எண்ணையே காட்டும். மின்கலத்தில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைக் கேபினில் வைப்பது ஆக்சிமீட்டரைவிடப் பயனுள்ளது. மயங்கியவரை முதலில் திறந்தவெளிக்குக் கொண்டுவர வேண்டும். ஆக்சிசன் உருளை இருந்தால் உடனே கொடுத்து மருத்துவமனைக்கு எடுத்துச்செல்ல வேண்டும்.

பனியில் சிக்கிய வண்டியில்

வண்டி நகராமல் நின்றுவிட்டால் இறங்கி நடக்காமல் வண்டிக்குள் இருப்பதே பெரும்பாலும் பாதுகாப்பு. மீட்புப் படையினர் கண்ணில் வண்டிதான் முதலில் படும்.

இயந்திரத்தைக் கிளப்பும் ஒவ்வொரு முறையும், கிளப்புவதற்கு முன், ஒருவர் இறங்கிச் சைலன்சர் வாயைச் சுற்றியுள்ள பனியை அள்ளிப்போட வேண்டும். பனி தொடர்ந்து பெய்தால் சற்று முன் அள்ளியது கணக்கில் வராது. மணிக்குப் பத்து நிமிடம் ஓடவிட்டு ஹீட்டரைப் போட்டு, பின் அணைத்துவிடுவது எரிபொருளையும் மிச்சப்படுத்தும், புகையையும் குறைக்கும். அந்த நேரத்தில் காற்று அடிக்காத பக்கத்துச் சன்னலை இரண்டு விரல் அளவு இறக்கி வைக்க வேண்டும். இயந்திரம் ஓடும்போது எல்லோரும் ஒருசேரத் தூங்கக்கூடாது. ஒருவர் விழித்திருந்து நேரம் பார்க்க வேண்டும்.

மீதி ஐம்பது நிமிடங்களைக் கம்பளிகள்தான் பார்த்துக்கொள்ளும். தனித்தனியாகப் போர்த்துவதைவிட இருவர் மூவர் நெருங்கி உட்கார்ந்து ஒரே போர்வைக்குள் இருந்தால் கதகதப்பு நிலைக்கும். நனைந்த காலுறையைக் கழற்றி உலர்ந்ததை மாட்ட வேண்டும். உலோகத் தரையில் காலை ஊன்றாமல் பையின் மேலோ விரிப்பின் மேலோ வைக்க வேண்டும். வெந்நீர்க் குப்பி ஒன்று மடியில் இருந்தால் ஓரிரு மணி நேரத்துக்கு அதுவே போதிய துணை. மதுவால் உடம்பு சூடேறுவது போலத் தோன்றுவது தோலுக்கு இரத்தம் கூடுதலாகப் பாய்வதால்தான். உடலின் உள்வெப்பம் அப்போது இன்னும் வேகமாக வெளியேறிக்கொண்டிருக்கும்.